மணலில் கால் வைக்க மறுக்கும் பிள்ளை

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும். கடற்கரைக்குக் கொண்டுபோனால் மணலில் கால் வைக்கமாட்டான், என் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டான். கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றினால் உயிர் போவதுபோல் கத்துகிறான். கோயில் ஒலிபெருக்கி, கிரைண்டர், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் காதைப் பொத்துகிறான். சோறும் கறியும் பிசைந்து ஊட்டினால் ஓங்காளித்து வாந்தி எடுக்கிறான். ஆனால் வீட்டுக்குள் கதிரையில் ஏறிக் குதிப்பதும் ஓடி வந்து எங்கள்மேல் மோதுவதும் நாள் முழுக்க நடக்கிறது. நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் மாமி. ஓட்டிசமாக இருக்கும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். கிளினிக்குக்கு அடுத்த மாதம்தான் திகதி. அதுவரை வீட்டில் நான் என்ன செய்வது?"

தங்கச்சி, மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் சிறு பிள்ளைகளோடு தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை செய்து வருகிறேன். (பெயரைக் கேட்டதும் வேலைவாய்ப்போடு தொடர்பு என்று பலர் நினைக்கிறார்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடுப்பது, விளையாடுவது, தூங்குவது, இவைதான் ஒரு சின்னப் பிள்ளையின் தொழில். அவற்றில் தடங்கல் வந்தால் வழி தேடுவது எங்கள் வேலை.) நீங்கள் எழுதியதில் ஒவ்வொரு வரியையும் நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். செல்லத்தால் வந்த பழுது இதில் எதுவும் இல்லை. தலையில் விழும் தண்ணீரும் காலில் ஒட்டும் மணலும் உங்கள் மகனின் உடலுக்கு உண்மையாகவே தாங்க முடியாதவையாக இருக்கின்றன. இதை நீங்கள் முழுமனதாக நம்ப வேண்டும். நம்பாமல் செய்தால் நான் கீழே சொல்வதெல்லாம் பிள்ளையைப் பணியவைக்கும் தந்திரங்களாக மாறிவிடும், அவனும் அதை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவான்.

பள்ளிக்கூடத்தில் ஐம்புலன் என்று படித்தோம். இன்னும் மூன்று உண்டு. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை உட்காதில் இருக்கும் ஓர் அமைப்பு மூளைக்குச் சொல்கிறது. கை கால் எந்த நிலையில் இருக்கின்றன, எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்பதைத் தசைகளும் மூட்டுகளும் சொல்கின்றன. கரண்ட் போன நேரத்திலும் கவளம் தவறாமல் வாய்க்குப் போவது அதனால்தான். பசி, தாகம், மூத்திரம் முட்டுவது ஆகியவற்றை அறிவது மூன்றாவது. எட்டு வழியாலும் வந்துகொண்டே இருக்கும் செய்திகளில் எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று மூளை தரம் பிரிக்கிறது. நீங்கள் உடுத்திருக்கும் சட்டை முதுகில் படுவதை இந்த வரியை வாசிக்கும்வரை நினைத்திருக்கமாட்டீர்கள். உங்கள் மூளை அதை ஒதுக்கி வைத்திருந்தது. சில பிள்ளைகளின் மூளை அப்படி ஒதுக்குவதில்லை. இதை முறையாக ஆராய்ந்து எழுதியவர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர். 1972 இல் வந்த அவருடைய நூலுக்குப் பிறகுதான் 'புலன் ஒருங்கிணைப்பு' என்பது எங்கள் துறையில் எல்லோரும் பேசும் சொல்லாயிற்று.

தண்ணீர்த் துளிக்குக் கத்துகிறவன் கதிரையிலிருந்து குதிக்க மட்டும் எப்படித் துணிகிறான் என்று மாமி கேட்பார். நியாயமான கேள்வி. எல்லாப் புலனும் ஒரே அளவில் இருப்பதில்லை. மெல்லிய தொடுகையும் சத்தமும் அவனுக்கு மிகையாக வருகின்றன. தசையும் மூட்டும் அனுப்பும் செய்தி குறைவாக வருகிறது. ஆகவே ஒன்றிலிருந்து ஓடுகிறான், மற்றதைத் தேடுகிறான். குதிப்பதும் மோதுவதும் அவன் தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம் என்றுகூடச் சொல்லலாம். எதிர்பாராமல் வரும் மெல்லிய தொடுகை உடலை உசுப்பிவிடும். இறுக்கமான, சீரான அழுத்தம் அதை அமர்த்தும். எங்கள் அம்மம்மாமார் இதை எப்போதோ அறிந்து வைத்திருந்தார்கள். வீரிடும் குழந்தையை யாரும் விரல் நுனியால் வருடுவதில்லை. மார்போடு இறுக்கிப் பிடித்து, முதுகில் ஒரே தாளத்தில் தட்டுகிறார்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு கிழமைக்கு எழுதுங்கள். பழைய பயிற்சிக் கொப்பி ஒன்று போதும். எப்போது கத்தினான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் அமைதியானான், எது அவனை அமைதியாக்கியது. அன்றைய தூக்கத்தையும் மலம் கழித்ததையும் சேர்த்துக் குறியுங்கள். மலச்சிக்கல் உள்ள பிள்ளையும் தூக்கம் கெட்ட பிள்ளையும் எல்லாப் புலனிலும் எரிச்சலாகவே இருப்பார்கள், அதைப் புலன் சிக்கல் என்று நினைத்து ஏமாறுவோம். கொப்பியில் ஏழு நாள் சேர்ந்ததும் ஒரு கோலம் தெரியும். ஏறாவூரில் ஒரு தாய் தன் மகள் 'எந்நேரமும்' கத்துகிறாள் என்று சொன்னார். எழுதிப் பார்த்தபோது பெரும்பாலான அழுகை மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள் இருந்தது: தெருவில் சத்தம் கூடும் நேரம், அடுப்படியில் தாளிதம் மணக்கும் நேரம், மற்றப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு முன் பிள்ளையைப் பின்வளவில் விளையாடவிட்டு, பிறகு அமைதியான அறையில் வைத்திருந்ததே அந்த வீட்டின் பாதிச் சிக்கலைத் தீர்த்தது.

பின்வளவு விளையாட்டு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிக நம்பிக்கையானது அதுதான். தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுக்கும் எதுவும் இப்படியான பிள்ளைகள் பலரை நிதானப்படுத்துகிறது. அதற்கு எதையும் வாங்க வேண்டியதில்லை. உரிக்காத தேங்காயை முற்றத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் உருட்டச் சொல்லுங்கள். கதிரையைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்கு வரட்டும். சின்ன வாளியில் கால்வாசித் தண்ணீரோடு பூமரத்துக்கு ஊற்றப் போகட்டும். ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஒரு உருண்டையை அவன் கையில் கொடுங்கள். (கையில் ஒட்டுவது பிடிக்காவிட்டால் சற்று இறுக்கமாகக் குழைத்து, மேலே காய்ந்த மா தூவிக் கொடுங்கள்.) நனைத்த துணியை நீங்கள் ஒரு முனையும் அவன் ஒரு முனையுமாகப் பிழியலாம். கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து போய்ச் செருப்பை எடுத்து வருவதும் நல்ல வேலைதான். குதிப்பதை நிறுத்தாதீர்கள், இடத்தை மட்டும் மாற்றுங்கள்: கதிரைக்குப் பதிலாக ஒரு தாழ்ந்த படி, கீழே மடித்துப் போட்ட பழைய மெத்தை. சிரமமான ஒவ்வொரு காரியத்துக்கும் முன், குளிப்பு, சாப்பாடு, பயணம் எதுவானாலும், பத்துப் பதினைந்து நிமிடம் இந்த வேலைகளில் ஏதாவது ஒன்று நடக்கட்டும். கத்தத் தொடங்கிய பிறகு செய்தால் பலன் குறைவு.

ஏணை இன்னும் கட்டி வைத்திருந்தால் அவிழ்த்துவிடாதீர்கள். முன்னும் பின்னுமாக மெதுவாக, ஒரே தாளத்தில் ஆட்டுவது உட்காது வழியாகவே உடலை அமர்த்தும். வேகமாக ஆட்டுவதும் சுழற்றுவதும் நேர்மாறாக உசுப்பிவிடும். படுக்கப்போகும் நேரத்தில் தகப்பன் தூக்கிச் சுழற்றி விளையாடினால் பத்து மணிவரை தூங்கமாட்டான். இந்த வயதில் ஏணையில் தனியே விடவே கூடாது. துணி கழுத்தில் முறுகிவிடும். சீலையால் இறுக்கிச் சுற்றுவது, பாயில் உருட்டிச் சுற்றுவது ஆகியவற்றையும் செய்ய வேண்டாம். இறுக்கமான அணைப்புப் போதும், அதுவும் அவன் விலக நினைத்த நொடியில் விலகக்கூடியதாக இருக்க வேண்டும்.

இனிக் கிணற்றடி. வாளித் தண்ணீர் தலையில் விழும்போது அவனுக்கு ஒரே நேரத்தில் எத்தனை நடக்கிறது என்று பாருங்கள். குளிர், முகத்தில் வழியும் நீர், மூக்கு அடைப்பு, காதில் இரைச்சல், சவர்க்கார வாசம், கண்ணை மூடியதால் எங்கே நிற்கிறோம் என்ற தடுமாற்றம். தலையைப் பின்னால் சாய்த்தால் உட்காது 'விழுகிறாய்' என்று அபாயம் சொல்கிறது. எப்போது ஊற்றப்போகிறீர்கள் என்பதும் தெரியாது. இவற்றில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீரை எடுங்கள். மார்கழி மழைக்காலத்தில் கொஞ்சம் சுடுநீர் கலந்துகொள்ளுங்கள். அவனை உட்காரவைத்து, முதுகு உங்கள் காலில் சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் அழுந்தட்டும். தொங்கும் கால் எந்தப் பிள்ளையையும் பயமுறுத்தும். பாதத்திலிருந்து தொடங்குங்கள். சிரட்டையை அவன் கையில் கொடுத்து, தன் காலுக்குத் தானே ஊற்றவிடுங்கள். பிறகு முழங்கால், வயிறு, தோள். தலைக்கு முன் உங்கள் இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் தலையை மெதுவாக, ஆனால் அழுத்தமாகச் சில நொடிகள் பிடித்திருங்கள். காய்ந்த துணியை நாலாக மடித்து நெற்றியில் அவனே பிடிக்கட்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி, மூன்றில் ஊற்றுங்கள். ஒவ்வொரு நாளும் அதே மூன்று, நான்கு ஆகவே கூடாது. "இன்னும் ஒரு தரம்தான்" என்று சொன்னால் ஒரு தரம்தான். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

தலை முழுக்கை ஒவ்வொரு நாளும் வைக்க வேண்டாம். கிழமைக்கு இரண்டு நாள் போதும், மற்ற நாள் ஈரத்துணியால் துடையுங்கள். முடிந்ததும் துவாயைப் போர்த்தி இறுக்கி அணையுங்கள், தேய்க்காமல் அழுத்தி ஒற்றுங்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் கொஞ்ச நாளைக்கு அதை நிறுத்திப் பாருங்கள். புகையும் வாசமும் பல பிள்ளைகளுக்குக் கடைசி அடியாக இருக்கின்றன. வேலை அவசரத்தில் வாளித் தண்ணீரோடு பிள்ளையை ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். சில அங்குலத் தண்ணீரே இந்த வயதுக்கு ஆபத்து.

மணலைப் பற்றிச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த முதல் வருடங்களில், அம்பாறை மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில், உங்கள் மகன் வயதுள்ள ஒரு சிறுமியின் பாதங்களை மணல் பெட்டியில் வைத்துப் பிடித்திருந்தேன். பழகினால் சரியாகிவிடும் என்று எண்ணினேன். பிள்ளை வீரிட்டாள். சில நிமிடங்களில் சத்தம் நின்றது, எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அடுத்த கிழமை என் பையைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்று அழுகை நின்றது பழகியதால் அல்ல, களைத்துப்போனதால். அவள் மறுபடியும் என் மடியில் உட்கார இரண்டு மாதம் சென்றது. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையின் கையையும் காலையும் பிடித்து எதற்குள்ளும் வைத்ததில்லை.

ஆகவே கடற்கரையை இப்போதைக்கு விடுங்கள். வீட்டு முற்றத்தில் ஒரு பேசினில் கொஞ்ச மணல் போட்டு, நீங்கள் சிரட்டையால் அள்ளி விளையாடுங்கள். அவன் தூரத்தில் நின்று பார்க்கட்டும். பார்ப்பதும் பங்கெடுப்பதுதான். சில நாளில் கரண்டியோடு வருவான். கரண்டி பிடித்த கைக்கு மணல் படாது, ஆனால் மணலின் எடை கைக்குத் தெரியும். ஈர மணலை அழுத்திப் பிட்டுப் போலக் கவிழ்த்துக் காட்டுங்கள். உதிரும் காய்ந்த மணலைவிடச் சில பிள்ளைகளுக்கு அது எளிது, சிலருக்கு ஒட்டுவதால் இன்னும் மோசம். உங்கள் மகன் எந்த வகை என்று கொப்பி சொல்லும். பக்கத்தில் ஒரு ஈரத்துணி எப்போதும் இருக்கட்டும், கேட்டால் உடனே துடைத்துவிடுங்கள். துடைக்கலாம் என்று தெரிந்தால்தான் தொட்டுப் பார்க்கத் துணிவு வரும். அரிசி, பயறு, கௌபி ஆகியவற்றைக் கொண்டும் இப்படி விளையாடலாம், ஆனால் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது என்பதால் கை எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். கடற்கரைக்குப் போகும் நாளில் மணல் சுடாத அதிகாலையாகப் பார்த்து, செருப்போடு போங்கள், ஒரு பாய் கொண்டுபோய் விரியுங்கள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு வந்தால் அது நல்ல நாள். அவன் வளர்ந்த பிறகும் வெறுங்காலோடு மணலில் நடப்பதை விரும்பாமலே இருக்கலாம். அதனால் அவனுக்கு எந்தக் குறையும் வரப்போவதில்லை. அவன் விளையாட்டும் வெளியே போவதும் முடங்கிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

சத்தத்துக்கு வருகிறேன். வைகாசி வந்தால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் கண்ணகை அம்மன் சடங்கு, ஒலிபெருக்கி, பறை, குரவை. பிள்ளையை அதிலிருந்து முழுதாக ஒதுக்கவும் மனம் வராது, கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தவும் கூடாது. ஒலிபெருக்கி போடாத நேரம் பார்த்து அவனைக் கோயிலுக்குக் கொண்டுபோய் இடத்தைப் பழக்குங்கள். சடங்கு நாளில் வெளிவீதியில், ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கத்தில் நில்லுங்கள். அவன் காதைப் பொத்தினால் "சத்தமாக இருக்கிறதா, போகலாமா?" என்று கேட்டு, உடனே பத்தடி விலகுங்கள். போகலாம் என்ற வழி திறந்திருந்தால் பிள்ளை சில நேரம் நின்றும் பார்ப்பான். கிரைண்டர் போடும் முன் "கிரைண்டர் போடப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு, அவனைத் தள்ளி நிற்கவைத்துவிட்டுப் போடுங்கள். சில நாள் கழித்து உங்கள் விரலின் மேல் அவன் விரலை வைத்து ஆளியை அழுத்தவிடலாம். தானே எழுப்பும் சத்தம் தாங்கக்கூடியதாகிறது. காதை மூடும் ஒலித்தடுப்பான்களைப் பட்டாசு, திருவிழா ஆகிய நேரங்களில் பாவிக்கலாம். நாள் முழுக்க மாட்டி வைத்தால் காது இன்னும் கூச்சப்படும். காதைப் பொத்துகிற பிள்ளைக்குக் கேட்கும் திறன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காதுக்குள் நீர் கட்டியிருந்தாலும், காது நோவு இருந்தாலும் இப்படிச் செய்யலாம். கேட்டல் பரிசோதனையைக் கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள்.

சாப்பாட்டில் என் முதல் வேண்டுகோள், வாயைப் பிடித்து ஊட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். வாந்தி அவன் வேண்டுமென்று எடுப்பதல்ல. சோறும் கறியும் பிசைந்தால் ஒவ்வொரு கவளத்திலும் குழைவு, நார், கட்டி எல்லாம் மாறி மாறி வருகின்றன, அடுத்து என்ன வரும் என்று அவன் நாக்குக்குத் தெரியாது. தட்டில் பிரித்து வையுங்கள், ஒன்றோடு ஒன்று படக்கூடாது. வெறும் இடியப்பம் சாப்பிடுகிறான் என்றால் அங்கிருந்து தொடங்கலாம். தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி சொதி, சாப்பிடச் சொல்லாமல் வெறுமனே இருக்கட்டும். சில நாளில் ஒரு நுனியைத் தோய்ப்பான், முகம் சுளிப்பான், விட்டுவிடுவான். அதுவும் ஒரு படி. ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்பதற்கு முன் பத்துப் பதினைந்து தரம் அது கண்ணில் பட வேண்டியிருக்கும். நாங்கள் மூன்றாம் நாளே 'இவனுக்கு இது பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். கட்டியில்லாத எருமைத் தயிர் பல பிள்ளைகளுக்கு நல்ல பாலமாக அமைகிறது, ஒரே மாதிரியான குழைவு அதில் இருப்பதால். சாப்பிடவில்லையே என்று பாலை நிரப்பாதீர்கள். நாளுக்கு அரை லீற்றர் அளவோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் பசியும் போகும், இரும்புச்சத்தும் குறையும். மொறுமொறுப்பாக விரும்புகிறான் என்று கச்சானோ கடலையோ முழுசாகக் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும்.

உடுப்பில் சின்ன மாற்றங்கள் போதும்: கழுத்துப் பட்டியை வெட்டுங்கள், புதுச் சட்டையை இரண்டு மூன்று தரம் தோய்த்துவிட்டுப் போடுங்கள், தையல் உறுத்தினால் உள்பக்கம் வெளியே வரப் போடுங்கள். நகத்தைக் குளித்த பிறகு வெட்டுங்கள். முடி வெட்டக் கடையில் மெஷின் வேண்டாம், வீட்டில் உங்கள் மடியில் வைத்துக் கத்தரியால் வெட்டுங்கள், ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம். கோயிலில் முடி இறக்கும் நேர்த்தி இருந்தால் அதைத் தள்ளிப்போடலாம்.

மாமியிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த வீட்டு வைத்தியம் அவரில்லாமல் நடக்காது. நான் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். வருடக்கணக்காக வெடிச்சத்தத்தோடு வாழ்ந்த மாவட்டம் இது. சண்டை முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும், தீபாவளிக்கு யாரோ பட்டாசு கொளுத்தினால் உங்களுக்கு நெஞ்சு திடுக்கிடுகிறதா, இல்லையா? பட்டாசுதான் என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் உடல் அதற்கு முன்பே நடுங்கிவிடுகிறது. பிள்ளைக்குக் காரணம் வேறு, ஆனால் உடல் முந்திக்கொள்வது அதே மாதிரித்தான். இதைக் கேட்ட பிறகு பேரனை அதட்டிய அம்மம்மாவையோ உம்மம்மாவையோ நான் கண்டதில்லை. நாவூறு பார்க்கட்டும், தண்ணீர் ஓதிக் கொடுக்கட்டும். அவர்களுடைய அன்பு அதில் இருக்கிறது. சாம்பிராணிப் புகை காட்ட வேண்டாம், கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது முக்கியம். நீங்கள் மூன்று எண்ணி ஊற்ற, மாமி எண்ணாமல் ஊற்றினால், பிள்ளை யாரையும் நம்பமாட்டான்.

அறிவியல் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இப்படியான சிரமங்களுக்குச் சிலர் சொல்லும் 'புலன் செயலாக்கக் கோளாறு' என்பதை ஒரு தனி நோயாக எடுத்துக்கொள்வதில் மருத்துவர்களிடையே உடன்பாடு இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012 இல், அந்தப் பெயரை ஒரு நோய்முடிவாகப் பாவிக்க வேண்டாம் என்றும், புலன் சார்ந்த சிகிச்சைகளின் பலனுக்கு ஆதாரம் இன்னும் குறைவு என்றும், பெற்றோருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியது. பிள்ளைகளின் சிரமம் உண்மை, அதில் யாருக்கும் ஐயமில்லை. அதை எந்தப் பெயரால் அழைப்பது, எது உண்மையில் உதவுகிறது என்பதில்தான் கேள்விகள். ஆகவே 'ஆறு மாதத்தில் குணமாக்குகிறோம்' என்று யாராவது பெரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தோலைத் தூரிகையால் தேய்க்கும் முறை என்று ஒன்று சொல்வார்கள், அதற்குப் பலமான ஆதாரம் இல்லை. பாரம் வைத்துத் தைத்த போர்வையை இந்த வயதுப் பிள்ளைக்குப் போர்த்தவே கூடாது, அதைத் தள்ளிவிட அவனுக்குப் பலம் போதாது. நான் மேலே சொன்னவற்றையும் இரண்டு மூன்று கிழமை செய்து பாருங்கள். கொப்பியில் மாற்றம் தெரியாவிட்டால் அந்த ஒன்றை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.

பக்கத்து வீட்டார் சொன்ன ஓட்டிசத்துக்கு வருகிறேன். (ஆட்டிசம் என்றும் எழுதுவார்கள். மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறுவிதமாக வளரும் நிலை அது.) 2013 இலிருந்து அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் வரையறையில், ஓட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகப் புலன் கூச்சமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் புலன் கூச்சம் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் ஓட்டிசம் இல்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நான் எந்தப் பக்கமும் சொல்லமாட்டேன், பக்கத்து வீட்டாரும் சொல்லக்கூடாது. இவற்றைக் கவனித்துக் கொப்பியில் எழுதுங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரலால் சுட்டுகிறானா? அதைவிட, ஆகாயத்தில் பறவையைக் கண்டால் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று சுட்டுகிறானா? 'அம்மா வா' போல இரண்டு சொல்லைச் சேர்க்கிறானா? சிரட்டையில் சோறு சமைப்பதுபோல் விளையாடுகிறானா? 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட ஒரு சோதனைப் பட்டியல் இருக்கிறது. உங்கள் மகனுக்கு இப்போது 28 மாதம் என்பதால் அதைச் செய்யும் காலம் இதுதான். அது முடிவு சொல்லாது. மேலும் பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். கிளினிக்கில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

முன்பு பேசிய சொற்களை இப்போது விட்டுவிட்டான், எடை குறைகிறது, குடிக்கும்போது புரையேறி இருமுகிறான், வலிப்புப் போல வெறித்து நிற்கிறான், சாப்பிடும் உணவுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோய் இரண்டு மூன்றில் நிற்கின்றன: இவற்றில் எது இருந்தாலும் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் இன்றே சொல்லுங்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து குழந்தை வைத்திய நிபுணருக்குக் கடிதம் வாங்கலாம். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கிளினிக்குப் போகும் நாளில் பிள்ளை அமைதியாக இருந்து, வைத்தியர் 'இவனுக்கு ஒன்றுமில்லையே' என்று அனுப்பிவிடுவது பல தடவை நடக்கிறது. அதனால் கைபேசியில் ஒரு நிமிடக் காணொளி மூன்று எடுத்து வையுங்கள், ஒன்று சாப்பாட்டு நேரம், ஒன்று சத்தம் கேட்கும்போது, ஒன்று தன்பாட்டில் விளையாடும்போது. குளிக்கும்போது எடுக்க வேண்டாம், அது பிள்ளையின் மானம். எடை போட்டுக் குறித்த கிளினிக் புத்தகத்தோடு உங்கள் கொப்பியையும் கொண்டுபோங்கள். வரிசையில் காத்திருக்கும் இரைச்சல் அவனைக் குலைத்துவிடும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் அவனை வெளியே மரத்தடியில் வைத்திருக்கட்டும். பையில் அவனுக்குப் பிடித்த வெறும் இடியப்பம் இரண்டு, ஒரு ஈரத்துணி, ஒரு சிரட்டை.